மூலை கிழியாத ரோல்

அத்தியாயம் 14

போன வாரம் எக்ஸ்ரே அக்காவைக் குளியலறையில், கழுவிய நெகட்டிவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நிற்கவைத்துவிட்டு வந்தோம். ஏழு நாளாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். தோள்பட்டை வலிக்காதா? முதலில் அவள் உட்காரட்டும்.

உட்கார்ந்தாள், கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல்.

விட்ட இடத்தைப் பிடிக்க நாலு வரி போதும். ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறவள் இவள். அதனால் தெருவுக்கே எக்ஸ்ரே அக்கா. வீட்டில் முப்பத்தெட்டு பழைய கேமராக்கள் வைத்திருக்கிறாள். எல்லாம் ஃபிலிம் போடுகிற ஜாதி, இவளைவிட வயதில் மூத்தவை. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாட்டியிருக்கும் படத்தை நிமிர்த்திவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். சுவர் நேராக நிற்கிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார்களே, அந்தத் தூக்குக்குண்டுதான் சித்தாள் கொத்தனார் எல்லோரும் சேர்ந்து அவருக்கு வைத்த பெயர். ஆள் என்னவோ ஒல்லி.

ஒரே மகள். வீட்டில் கூப்பிடுவது வால். இரண்டு வருஷப் படிப்புக்காகத் தொலைதூர ஊருக்கு ரயில் ஏறி இன்றோடு பதினாலு நாள். அன்றைக்கு ரயிலடிக்கு அப்பா வரவில்லை. "எட்டாவது மாடியில லிஃப்ட் நின்னுடுச்சாம், ஆள் மாட்டிக்கிட்டாங்களாம்" என்று வாசலிலேயே மகளுக்குக் கையசைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து எக்ஸ்ரே அக்கா அவரோடு பேசுவது சாவி, உப்பு, குழாய் என்ற மூன்று விஷயங்களைப் பற்றி மட்டும்.

இப்போது அவள் கையில் சொட்டிக்கொண்டிருப்பது அந்த ரயிலடி ரோல்.

கேமராவைக் கண்டாலே ஓடி ஒளிகிற பெண், அன்றைக்கு மட்டும் பெட்டியின் மேல் உட்கார்ந்தும், தூணில் சாய்ந்தும், ஜன்னலில் தலையை நீட்டியும் முப்பத்தாறு படத்துக்கும் நின்றாள். அப்படிப்பட்ட ரோலைப் பழைய மருந்தில் கழுவ அம்மாவுக்கு மனசு வரவில்லை. புது மருந்து வரட்டும் என்று காத்திருந்து இன்றைக்குத்தான் கழுவினாள். மகளும் தினம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்தால் முதல் கேள்வி அதுதான்: "அம்மா, ரோல் கழுவியாச்சா?" தன் படத்தைப் பார்க்க இவ்வளவு ஆசையா என்று எக்ஸ்ரே அக்காவுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த ரோலில்தான் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு படம் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு படத்திலும்.

நெகட்டிவில் வெள்ளை கறுப்பாக இருக்கும், கறுப்பு வெள்ளையாக இருக்கும். பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்றும் புரியாது. இவளுக்கு அது தினம் பார்க்கிற சோறு. வால் போட்டிருந்த கறுப்புக் கோட்டுக்குள் ஒரு குளம் தெரிந்தது. ரயில் பெட்டியின் இருட்டு ஜன்னலில் ஒரு விளக்குக் கம்பம். மகளின் நெற்றியில், பொட்டு வைக்கிற இடத்தில், ஒரு சாப்பாட்டு டப்பா.

ஏற்கெனவே எடுத்து முடித்த ரோலை மறுபடியும் கேமராவில் போட்டிருக்கிறாள். வேறு எப்படியும் இது நடக்காது.

ஆனால் எக்ஸ்ரே அக்கா அந்தத் தப்பைச் செய்யவே மாட்டாள். ரோல் முடிந்து திருப்பிச் சுற்றும்போது அவள் முழுசாக உள்ளே இழுக்கமாட்டாள். ஃபிலிமின் முன்நுனியை, நாக்கு என்பாள் அதை, ஒரு விரல் நீளம் வெளியே விட்டுவைப்பாள். கழுவும்போது இருட்டில் பிடித்து இழுக்க வசதி. இதில் ஒரு ஆபத்து உண்டு. புது ரோலுக்கும் நாக்கு வெளியே, எடுத்த ரோலுக்கும் நாக்கு வெளியே. அதனால் எடுத்து முடித்த உடனே நாக்கின் மூலையைக் கிழித்துவிடுவாள். பிறகு புதுசு நீல டப்பாவில், எடுத்தது சிவப்பு டப்பாவில். கேமரா பைத்தியம் பிடித்த நாலு பேர் மாசம் ஒருமுறை கூடுவார்கள். அங்கே புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இவள் சொல்லுகிற முதல் பாடம் இதுதான். டப்பாவை நம்பாதே, மூலையை நம்பு.

ரயிலடிக்குப் போன அன்று காலை நீல டப்பாவைத் திறந்தாள். அவள் கணக்குக்கு ஒரு ரோல் இருக்கவேண்டும். டப்பா காலி. சிவப்பு டப்பாவைத் திறந்தால் மூன்று ரோல், அதில் ஒன்றுக்கு மூலை முழுசாக இருந்தது. அவசரத்தில் டப்பா மாற்றிப் போட்டிருக்கிறேன் என்று தலையில் தட்டிக்கொண்டு, அதை எடுத்துக் கேமராவில் மாட்டினாள். ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்தது இப்படித்தான்.

யாரோ அந்த ரோலில் படம் எடுத்திருக்கிறார்கள். நாக்கை வெளியே விட்டுச் சுற்றத் தெரிந்திருக்கிறது. மூலையைக் கிழிக்கத் தெரியவில்லை.

வாசல் மணி அடித்தது.

வந்தது தம்பி. பேக்கரி வைத்திருக்கிறான், அதிகாலை வேலை, பத்து மணிக்கு அவனுக்குச் சாயங்காலம் ஆகிவிடும். ஊர் அவனைப் பன் என்று கூப்பிடும். ஞாயிறுதோறும் ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி அக்கா வீட்டுக்கு எடுத்துவருவான், பாதியை அங்கேயே தின்றுவிட்டு மீதியையும் கையோடு எடுத்துக்கொண்டு போவான்.

"என்னக்கா, துணியோடயே குளிச்சியா?"

"பேசாம வாடா. ஒண்ணு காட்றேன்."

கூடத்தில் ஆஸ்பத்திரி கழித்துப் போட்ட வெளிச்சப் பெட்டி ஒன்று சுவரில் மாட்டியிருக்கிறது. எக்ஸ்ரே படம் வைத்துப் பார்ப்பார்களே, அது. ஒரு நூல்கூடக் கோணாமல் அதை மாட்டிக்கொடுத்தது தூக்குக்குண்டுதான். எக்ஸ்ரே அக்கா நெகட்டிவைத் துடைத்து, ஆறு ஆறு படமாக வெட்டி, அதில் வரிசையாகச் செருகி, விளக்கைப் போட்டாள்.

பன் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தான். "என்னக்கா இது, உன் பொண்ணு நெத்தியில டப்பா முளைச்சிருக்கு?"

"யார் டப்பா, பாரு."

பார்த்தான். மூடியைப் பிடிக்கிற கொக்கி உடைந்து, அதற்குப் பதிலாக லிஃப்ட் கம்பியை முறுக்கிப் போட்ட டப்பா. உலகத்தில் அப்படி ஒன்றுதான் உண்டு.

"மாமாவோடதுல்ல?"

"ம்."

"மாமா கேமரா எடுத்தாரா? உன் கேமராவையெல்லாம் பழைய இரும்புன்னு சொல்லுவாரே."

"அத விடு. இங்க பாரு, மணிக்கூண்டு. எத்தன மணி?"

"பதினொண்ணு பத்து." பன் கொஞ்சம் யோசித்தான். "ஞாயித்துக்கிழமையா இருக்கும்க்கா. பார்க்குக்குப் போயிருப்பார்."

"ஞாயித்துக்கிழமை யாருடா சாப்பாட்டு டப்பா எடுத்துட்டுப் போவா?"

அவன் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினான்.

எக்ஸ்ரே அக்கா படம் படமாக விரலை நகர்த்தினாள். ஒரு படத்தில் பெஞ்சு நனைந்திருக்கிறது. இன்னொன்றில் காய்ந்திருக்கிறது. மரத்தில் இலை இருக்கிறது. அடுத்த வரிசையில் பாதி இலை தரையில் கிடக்கிறது. ஒரே நாளில் எடுத்தது இல்லை. பல நாள், பல வாரம். எல்லாவற்றிலும் வேலைக்குப் போகிற நேரம், வேலைக்குப் போகிற டப்பா, வேலை மட்டும் இல்லை.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது. அந்த பெஞ்சுல இன்னொரு டப்பா இருக்கான்னு பாத்துக்கோ."

"வாயில ரொட்டிய வைடா."

சொல்லிவிட்டாளே தவிர, பார்த்தாள். இல்லை. ஒரு டப்பா, ஒரு தண்ணீர் பாட்டில், நிறைய புறா. இருந்தது அவ்வளவுதான். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இந்தக் கெட்டிக்காரர் தினம் காலை எட்டு மணிக்கு டப்பாவை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வாரக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். எக்ஸ்ரே அக்காவுக்கு முதலில் வந்தது கோபம்தான். மகள் ரயில் ஏறின அன்றைக்கும் எட்டாவது மாடி லிஃப்ட் எதுவும் நின்றிருக்காது. பெற்ற பெண்ணை வழியனுப்ப வராமல் இந்த பெஞ்சில் உட்கார்ந்து புறாவை வேடிக்கை பார்த்திருப்பார்.

"இந்த ரயில் ஜன்னல் படத்துல கம்பம் சாஞ்சிருக்கு பாருக்கா" என்றான் பன், பேச்சை மாற்றுவதற்காக. "மாமாவுக்கு மத்தவங்க படம் கோணலா இருந்தாத்தான் கண்ணு தெரியும்போல."

எக்ஸ்ரே அக்கா கம்பத்தைப் பார்த்தாள்.

அதுவரை அவள் பார்த்தது என்ன படம் என்பதைத்தான். எப்படி எடுத்த படம் என்று இப்போதுதான் பார்த்தாள். முதல் வரிசையில் விளக்குக் கம்பம் செங்குத்தாக நின்றது. இரண்டாவது வரிசையிலும் நின்றது. மூன்றாவதில் லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. நாலாவதில் மணிக்கூண்டு சாய்ந்தது. ஐந்தாவதில் குளமே ஒரு பக்கமாகச் சரிந்து தண்ணீர் கொட்டிவிடும்போல இருந்தது.

எலும்பின் கோணம் பார்க்கிற சின்ன ஸ்கேலை எடுத்துவந்து வைத்துப் பார்த்தாள். நாலாவது வரிசையில் ஆறு படத்துக்கும் ஒரே சாய்வு.

"குடிச்சிருப்பாரோ?" என்று பன் மெதுவாகக் கேட்டான்.

"குடிச்சவன் எல்லாப் பக்கமும் சாய்வான்டா. இது ஒரே பக்கம்."

சொன்னவள் தலையைத் தூக்கினாள். எதிர்ச்சுவரில் வாலின் படம் மாட்டியிருந்தது, பள்ளிக்கூடம் முடித்த வருஷம் எடுத்தது. அது சாய்ந்திருந்தது. இடப்பக்கம்.

பதினாலு நாளாக அந்தப் படத்தோடு இந்த வீட்டில் ஒரு யுத்தம் நடக்கிறது. காலையில் அவர் போகும்போது அதைத் தொட்டு ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டுப் போவார். வேலையிலிருந்து வந்து இவள் நேராக்குவாள். மறுநாள் மறுபடியும் சாய்ந்திருக்கும். பேசாமல் இருப்பதற்குப் பழிவாங்குகிறார், வேண்டுமென்றே சீண்டுகிறார் என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

சீண்டவில்லை. நிமிர்த்தியிருக்கிறார். அவர் கண்ணுக்கு அதுதான் நேர்.

எக்ஸ்ரே அக்கா ஸ்கேலைக் கீழே வைத்தாள். ஆஸ்பத்திரியில் பக்கத்து அறை ஸ்கேனுக்கு வருகிறவர்களை அவள் வருஷக்கணக்காகப் பார்க்கிறாள். தலை சுற்றுகிறது என்று சிரித்துக்கொண்டே நடந்து வருகிறவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றுமே இருக்காது, காதுக்குள் சின்னக் கோளாறு என்று மாத்திரையோடு போய்விடுவார்கள். மீதிப் பேரை நினைக்க அவள் விரும்பவில்லை.

"நீ கிளம்புடா" என்றாள்.

பன் எழுந்தான். கதவருகே நின்று, "மாமா வந்தா திட்டாதக்கா" என்றான்.

"திட்டல. போ."

மீதி ரொட்டியை அவன் எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்த வீட்டுச் சரித்திரத்தில் அது முதல் தடவை.

பன்னிரண்டரைக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு நிறுத்தம். அடுத்த படி. படிக்கட்டுச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு நீளமான கறை கொஞ்ச நாளாகவே இருக்கிறது. யார் வீட்டுப் பிள்ளை கையைத் தேய்த்துக்கொண்டு போகிறது என்று போன மாசம் இவள் மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். இப்போது கதவுக்கு உள்ளே நின்று, உள்ளங்கை சுவரில் உரசி உரசி மேலே வருவதைக் கேட்டாள்.

தூக்குக்குண்டு உள்ளே வந்தார். செய்தித்தாளை மேஜையில் வைத்தார். வெளிச்சப் பெட்டியைப் பார்த்தார்.

 பிறகு, பதினாலு நாளில் முதல்முறையாகச் சாவி, உப்பு, குழாய் அல்லாத ஒரு பேச்சை ஆரம்பித்தார்.

"இப்பத்தான் கழுவினியா?"

"இப்பத்தான்."

"போன ஞாயித்துக்கிழமை கழுவலையா? ரெண்டு ரோல் கழுவினியே. நான் வெளியதான் உக்காந்திருந்தேன்."

"எதுக்கு வெளிய உக்காந்திருந்தீங்க?"

"நீ வந்து கேப்பேன்னு."

எக்ஸ்ரே அக்கா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். உட்காரும்போது ஒரு கை மேஜையைப் பிடித்துக்கொண்டதை இப்போது கவனித்தாள்.

"நான் சிவப்பு டப்பாலதானே போட்டேன்" என்றார். "எடுத்து முடிச்சதுதானே சிவப்புல போடணும்? நீ சுத்துற மாதிரியேதான் சுத்தினேன், நாக்க வெளிய விட்டு. ஞாயித்துக்கிழமை அதையும் சேத்துக் கழுவுவே, பாப்பே, பாத்ததும் உனக்குத் தெரிஞ்சிடும். வாயால சொல்ல வரல. அதான்."

"மூலையக் கிழிக்கலையே நீங்க."

"எந்த மூலைய?"

இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம். ஊரிலுள்ள கேமரா பைத்தியங்களுக்கெல்லாம் சொன்ன பாடத்தைக் கட்டின புருஷனுக்கு அவள் சொன்னதே இல்லை. எக்ஸ்ரே அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, ரயிலடிக்குப் போன அன்று என்ன நடந்தது என்று சொன்னாள். காலி நீல டப்பா. கிழியாத மூலை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப நீ பாக்கவே இல்லையா?"

"இன்னிக்குக் காலையிலதான் பாத்தேன்."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பாத்துட்டே. வேலைக்குப் போகலன்னு தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கல. அவ்வளவுதான் நம்ம மேல இருக்கற அக்கறைன்னு." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் எனக்கும் பேசத் தோணல."

"நான் பேசாம இருந்தது நீங்க ரயிலடிக்கு வராததுக்குங்க."

"தெரியும். அதுவும் இருக்கும்னு தெரியும்."

அவள் ரொட்டியை வெட்டி ஒரு துண்டை அவர் முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை. தானாகவே சொல்ல ஆரம்பித்தார், லிஃப்ட் ரிப்பேரை விளக்குகிற அதே குரலில், அவசரமில்லாமல்.

ஏழு வாரத்துக்கு முன்னால், ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று, அது ஓடுகிற தண்டவாளம் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து நிஜத் தூக்குக்குண்டு ஒன்றை நூலில் தொங்கவிட்டிருந்தார்கள்.

"நூல் சாஞ்சு தொங்குச்சு. காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல, சாஞ்சு நிக்குது. நூல் எங்கயாவது சாயுமா? முப்பது வருஷம் பாத்திருக்கேன். சாஞ்சது நூல் இல்லன்னு உடனே தெரிஞ்சுபோச்சு. அப்படியே உக்காந்துட்டேன். பசங்கதான் மெல்ல இறக்கிவிட்டாங்க."

கம்பெனி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். தலையை ஸ்கேன் எடுத்து வந்தால்தான் மறுபடியும் லிஃப்டில் ஏறலாம். ஸ்கேன் எடுக்கிற இடம் இந்த ஊரில் ஒன்றே ஒன்று. அது எக்ஸ்ரே அக்காவின் அறைக்கு அடுத்த அறை.

"அதனால என்ன? நான் இருக்கற இடம்தானே. வர வேண்டியதுதானே?"

"நீ இருக்கற இடங்கறதாலதான் வரல." அவர் ரொட்டித் துண்டைத் தட்டின் நடுவுக்கு நகர்த்தினார். "நீ படத்தப் பாக்கறப்ப நான் பாத்திருக்கேன். டாக்டர் வர்றதுக்கு முன்னாடியே உனக்குத் தெரிஞ்சிடும். மூஞ்சி ஒரு நிமிஷம் மாறும், உடனே சரிபண்ணிப்பே. அந்த ஒரு நிமிஷத்த நான் பாக்கணுமே. அதுக்குத்தான் பயம். வேற ஒண்ணுமில்ல."

 அப்படி ஒரு நிமிஷம் தன் முகத்தில் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. தன் முதுகு மட்டுமா, தன் முகமும்தான் தனக்குத் தெரியாது.

"பார்க்குல பொழுது போகல" என்றார் அவர். "ஊமைய எடுத்துட்டுப் போனேன்."

ஊமை என்பது முப்பத்தெட்டு கேமராக்களில் அளவில் சின்னது, எண்பத்தைந்து வயது, சத்தமே போடாத கேமரா. ஒருமுறை ஷட்டர் சிக்கிக்கொண்டபோது அதைப் பிரித்துச் சரிசெய்தது இவர்தான். 'லிஃப்டும் இதுவும் ஒண்ணுதான், கதவு நேரத்துக்குத் தொறந்து நேரத்துக்கு மூடணும்' என்று சொல்லிக்கொண்டே செய்தார். கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும்.

"நேரா பிடிச்சுத்தான் எடுத்தேன். நேரான்னு நெனச்சுத்தான் எடுத்தேன். எவ்வளவு சாஞ்சிருக்கு?"

மறைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். "கடைசி வரிசையில ஜாஸ்தி."

அவர் தலையாட்டினார். கணக்கு சரியாக வந்ததுபோல இருந்தது அவர் முகம்.

"அன்னிக்கு ரயிலடியில மேம்பாலம் ஏறணும்" என்றார். "நாப்பது படி ஏறி நாப்பது படி இறங்கணும். ரெண்டு கையிலயும் பெட்டி. நான் அவ கண்ணெதிர்ல விழுந்தேன்னு வையி, அவ ரயில் ஏறியிருப்பாளா? படிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு இங்கேயே உக்காந்திருப்பா. அவ போகணும் எனக்கு. அதான் வாசல்லயே நின்னுட்டேன்."

பதினாலு நாள் கோபம் என்ன ஆனதென்று எக்ஸ்ரே அக்கா தேடிப்பார்த்தாள். கிடைக்கவில்லை. அவளுக்குத் தன் மேல்தான் கோபம் வந்தது, அதுவும் ரொம்ப நேரம் நிற்கவில்லை. எழுந்து வெளிச்சப் பெட்டியிடம் போய் நின்றாள், கண்ணைத் துடைத்துக்கொள்ள அதுதான் தோதான இடம்.

அப்போதுதான் கடைசிப் படத்தைச் சரியாகப் பார்த்தாள்.

இரண்டு கேமராவில் எடுத்த படங்கள். ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் ஒரு விரல் தள்ளித்தான் விழுந்திருந்தன. அதனால் கடைசிப் படத்தில் இடப்பக்கம் வால் மட்டும் இருந்தாள், கையைத் தூக்கி, விடைபெறுகிற சிரிப்போடு. வலப்பக்கம் பெஞ்சு. பெஞ்சில் தூக்குக்குண்டு உட்கார்ந்திருந்தார், மடியில் டப்பாவோடு. மகளின் தூக்கின கை அவர் தோள்மேல் இருந்தது. பின்னால் ரயில் நின்றது. வழியனுப்ப வராத அப்பா ரயிலடியில் இருந்தார்.

"இதுல நீங்க இருக்கீங்க" என்றாள்.

"எங்க?"

"வந்து பாருங்க."

அவர் வந்து பார்த்தார். அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் பார்த்தார். 

"கடைசி வரிசையில இந்தப் படம் ஒண்ணுதான் நேரா இருக்கு" என்றாள் எக்ஸ்ரே அக்கா. பிறகு அவள் குரல் மாறியது. "ஊமையில தானா எடுத்துக்கற வசதி கிடையாது. இத எடுத்தது யாருங்க?"

அவர் பதில் சொல்வதற்கு முன்னாலேயே அவள் கண் மூலைக்குப் போய்விட்டது. படத்தின் மேல்மூலையில் மங்கலாக ஒரு வட்டம். விரல் நுனி. சின்ன வயதிலிருந்து எந்தக் கேமராவைக் கொடுத்தாலும் லென்ஸின் ஓரத்தில் ஒரு விரலை வைத்துவிடுகிற ஆள் இந்த வீட்டில் ஒருத்திதான்.

"வாலுக்குத் தெரியுமா?"

"வெள்ளிக்கிழமை லைப்ரரி புஸ்தகத்தத் திருப்பிக் குடுக்கப் போனா. வழியில பாத்துட்டா." அவர் தரையைப் பார்த்தார். "போகமாட்டேன்னு ஒரே அழுகை. நான்தான் சத்தியம் வாங்கினேன். அவளும் ஒண்ணு வாங்கினா. அம்மாகிட்ட வாயால சொல்ல வரலன்னா, இந்த ரோல சிவப்பு டப்பால போட்டுடுங்கப்பா, அம்மா கழுவினா தெரிஞ்சுடும்னா. யோசனை அவளுதுதான்."

தினம் ஆறு மணிக்கு வந்த கேள்வி எக்ஸ்ரே அக்காவின் காதில் மறுபடியும் ஒலித்தது. பதினாலு நாள். ஒவ்வொரு நாளும், "இன்னும் இல்லடி, என்ன அவசரம் உனக்கு" என்று சொல்லி வைத்தாள். அந்தப் பக்கம் பெண் என்ன பாடுபட்டிருப்பாள்!

"சீட்ட எடுங்க" என்றாள்.

பர்ஸிலிருந்து எடுத்தார். ஏழு வாரமாக மடித்து மடித்து, மடிப்பில் எழுத்து அழிந்துபோயிருந்தது. அவள் விரித்துப் படித்தாள்.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணி. நானே பேசி நேரம் வாங்கிக்கறேன்."

"படத்த நீதான் பாப்பியா?"

"பாக்க மாட்டேன். நாளைக்கு எனக்கு லீவு. வெளிய ஒரு பெஞ்சு போட்டிருக்கும், எல்லா வீட்டுக்காரங்களும் உக்காந்திருப்பாங்க. இருபத்தாறு வருஷத்துல நான் அதுல உக்காந்ததே இல்ல. டாக்டர் கூப்பிடற வரைக்கும் அங்கதான் இருப்பேன். நீங்க பாக்கறப்ப நானும் பாத்துக்கறேன்."

அவர் பெருமூச்சு விட்டார். எக்ஸ்ரே அக்கா சீட்டின் ஒரு மூலையைக் கிழித்தாள். அவர் ஏன் என்று பார்த்தார்.

"இனிமே இது பர்ஸுக்குள்ள திரும்பிப் போகக்கூடாது. அதுக்குத்தான்."

அந்த மத்தியானம் அவர்கள் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். பிறகு அவர் தூங்கினார். அவள் ஊமையை எடுத்துத் துடைத்து, அதன் இடத்தில் வைக்காமல் மேஜைமேல் வைத்தாள்.

ஆறு மணிக்குப் போன் அடித்தது.

"அம்மா, ரோல் கழுவியாச்சா?"

"கழுவியாச்சு."

 அந்தப் பக்கம் பின்னால் யாரோ நடந்துபோவதும், ஒரு கதவு மூடுவதும் கேட்டது.

"எல்லாம் வந்திருக்காம்மா?"

"எல்லாம் வந்திருக்கு. உன் விரலும் வந்திருக்கு."

வால் அழுதாள். எக்ஸ்ரே அக்கா அழவிட்டாள். நடுவில் ஒருமுறை, "நீ படிக்கப் போனது படிக்கத்தான். நாங்க ரெண்டு பேர் இங்க இருக்கோம்" என்று மட்டும் சொன்னாள்.

"அப்பா பக்கத்துல இருக்காராம்மா?"

"இருக்கார். தரேன்."

தூக்குக்குண்டு நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். வழியில் வாலின் படம். இன்றைக்கு எக்ஸ்ரே அக்கா கைவைக்க மறந்துபோனதால் அது இன்னும் இடப்பக்கமே சாய்ந்திருந்தது. பழக்கத்தில் அவர் கை மேலே போனது. சட்டத்தைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"ஏம்மா" என்றார், திரும்பாமல். "இது நேரா இருக்கா?"

வாழ்நாளில் அவர் யாரையும் கேட்டிராத கேள்வி அது.

"இல்லங்க" என்றாள். ஒரு கையில் போனோடு வந்து, இன்னொரு கையை அவர் கைமேல் வைத்து, சட்டத்தை மெல்ல வலப்பக்கம் நகர்த்தினாள். அவர் விரல்கள் எதிர்க்காமல் கூடவே வந்தன. அவர் கண்ணுக்கு இப்போது அது கோணலாகத்தான் தெரிந்திருக்கும். இருந்தாலும் கையை எடுத்துவிட்டார்.

"அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிப் போனை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இன்னும் பதினைந்து மணி நேரம் இருந்தது.